எண்களைத் தேடிய துறவி: மரேன் மெர்சென் அடிகளார்

உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்று இருந்தால், அதன் கணக்குக் கொப்பியையும் பென்சிலையும் சற்று நேரம் கேட்டு வாங்குங்கள். முதலில் 2 என்று எழுதுங்கள். அதை இரட்டித்து 4 என்று எழுதுங்கள். பின்பு 8, 16, 32, 64 என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். அறுபத்தேழாவதாக வரும் எண்ணில் நிறுத்தி, அதிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். வழியில் ஒரு பிழையும் நேராதிருந்தால் உங்களுக்குக் கிடைக்கும் விடை இதுதான்: 147,573,952,589,676,412,927.

இருபத்தொரு இலக்கங்கள் கொண்ட இந்த எண்ணுக்கும் ஒரு கத்தோலிக்கத் துறவிக்கும் நெருங்கிய உறவு உண்டு. இது வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாது என்று 1644ஆம் ஆண்டில் அவர் அச்சில் எழுதினார். அவர் எழுதியது பிழை. ஆனால் எந்த எண்களால் அது வகுபடும் என்று எடுத்துக்காட்ட உலகத்துக்கு 259 ஆண்டுகள் பிடித்தன. அதைவிட வியப்பு என்னவென்றால், பிழை நிரூபிக்கப்பட்ட பின்பும் இவ்வகை எண்கள் அத்துறவியின் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகின்றன. அவர்தான் மரேன் மெர்சென் அடிகளார்.

ஏழைக் குடும்பத்திலிருந்து துறவு மடத்துக்கு

பிரான்சு நாட்டின் மேன் மாகாணத்தில் ஒரு சிற்றூரில், உழைத்துண்ணும் எளிய குடும்பமொன்றில், 1588ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் திகதி அவர் பிறந்தார். தேவமாதாவின் பிறந்த நாளைத் திருச்சபை கொண்டாடும் அதே நாள் அது. பெற்றோர் வசதியற்றவர்களாயினும் மகனின் கல்வியில் குறை வைக்கவில்லை. லா பிளேஷ் என்னுமிடத்தில் யேசு சபையினர் 1604ஆம் ஆண்டில் புதிதாகக் கல்லூரியொன்றைத் தொடங்கியபோது, அங்கே சேர்ந்த முதல் மாணவருள் அவரும் ஒருவர். பிற்காலத்தில் தத்துவ உலகையே அசைத்த டேக்கார்ட்டும் அக்கல்லூரியிலேயே படித்தார். எனினும் டேக்கார்ட் எட்டு வயது இளையவர். அவர்களுடைய நட்பு வளர்ந்தது பல ஆண்டுகளின் பின்னரே.

லா பிளேஷிலிருந்து பாரிஸ் சென்று இறையியல் பயின்ற மெர்சென், 1611ஆம் ஆண்டில் மினிம் சபையிற் புகுந்தார். பவோலா நகர்ப் புனித பிரான்சிஸ்கு ஏற்படுத்திய சபை அது. மினிம் என்னும் பெயருக்கு மிகச் சிறியோர் என்பது பொருள். நாம் தபசு காலத்தில் நாற்பது நாட்கள் ஒறுத்தல் செய்கிறோம். அதுவே நமக்குப் பெரும்பாடாகத் தோன்றுகிறது. அச்சபையினரோ வாழ்நாள் முழுவதையும் தபசு காலமாகக் கழிப்பதென வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள். இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதையும் அவர்கள் தொட்டதில்லை. இப்படிப்பட்ட கடுமையான வாழ்வை மனமுவந்து ஏற்றுக்கொண்ட மெர்சென் 1612இல் குருப்பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் நெவேர் நகரில் சபையின் இளம் துறவியருக்குத் தத்துவம் கற்பித்தார். 1619இல் பாரிசிலிருந்த தமது சபையின் மடத்துக்குத் திரும்பினார். பயணம் போன காலங்கள் நீங்கலாக, சாகும்வரை அந்த மடத்துச் சிறு அறையே அவருடைய உலகம்.

ஆனால், அந்த அறைக்குள் ஐரோப்பா முழுவதும் வந்து போயிற்று.

அறிவுலகின் தபாற்கந்தோர்

அக்காலத்தில் விஞ்ஞான சஞ்சிகை என்று ஒன்று கிடையாது. ஒருவர் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தால் மற்றவருக்கு அது தெரியவர ஆண்டுக்கணக்காகலாம். தெரியாமலே போய்விடவும் கூடும். இக்குறையைத் தனியொருவராக நின்று தீர்த்தவர் மெர்சென் அடிகளார். இவருக்கு ஒரு கேள்வி, அவருக்கு ஒரு செய்தி, இன்னொருவருக்கு வேறொருவர் எழுதியதன் பிரதி என்று ஓயாமற் கடிதங்கள் எழுதினார். இத்தாலியில் கலிலேயோ, ஒல்லாந்தில் டேக்கார்ட், தூலூஸ் நகரில் நீதித்துறைப் பணிபுரிந்துகொண்டே ஓய்வு நேரத்தில் கணிதம் ஆராய்ந்த பெர்மா, இன்னும் தொரிசெல்லி, இளைஞரான ஹைகன்ஸ் ஆகியோரெல்லாம் அவருடைய கடித நண்பர்கள். புரட்டஸ்தாந்து அறிஞரோடும் மனங்கோணாமற் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். சமயச் சண்டைகளால் நாடுகள் இரத்தம் சிந்திய காலம் அது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1635ஆம் ஆண்டிலிருந்து பாரிஸ் அறிஞர்களைக் கிரமமாக ஒன்றுகூட்டிக் கலந்துரையாடவும் தொடங்கினார். எத்தியென் பஸ்கால் என்பவர் தம் மகனை அக்கூட்டங்களுக்கு அழைத்து வந்தார். அந்தச் சிறுவனே பிற்காலத்தில் புகழ்பெற்ற பிளேஸ் பஸ்கால். பிரான்சிய அரசு தன் விஞ்ஞானக் கழகத்தை நிறுவியது 1666இலேதான். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அரச மானியம் எதுவுமின்றி ஒரு பிச்சைத் துறவி அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

இளமையில் அவர் கடுமையான வாதக்காரர். 1623இல் ஆதியாகமத்துக்கு அவர் எழுதிய பெரிய விளக்க நூலில் நாத்திகரையும் மாந்திரீகத்தில் நம்பிக்கை வைத்தோரையும் சூடாகத் தாக்கினார். ஆண்டுகள் செல்லச் செல்ல அவருடைய பேனா சாந்தமடைந்தது. எதிரியை மடக்குவதிலும் பார்க்க, உண்மையைச் சோதித்து அறிவதே நல்ல வழியென அவர் கண்டுகொண்டார் போலும். கலிலேயோ உரோமையில் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றது 1633இல். அடுத்த ஆண்டே கலிலேயோவின் பொறியியல் நூலைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டவர் இந்தக் குருவானவர். டேக்கார்ட் தமது தியானங்கள் என்ற நூலை எழுதியபோது, அச்சேறுமுன்பே அதைப் பல அறிஞருக்கு அனுப்பி, அவர்களுடைய ஆட்சேபனைகளைச் சேகரித்துக் கொடுத்தவரும் அவரே. 1641இல் அந்த ஆட்சேபனைகளும் அவற்றுக்கான பதில்களும் நூலோடு சேர்ந்தே வெளிவந்தன.

கோவிலில் வயலின் வாசிப்போருக்கும் அவர் ஆசான்தான். தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். நீளத்தை மாற்றாமல் முறுக்கி இழுத்து அதே உயர்வைப் பெறவேண்டுமானால், இழுவிசையை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காக்க வேண்டும். இவற்றை அவர் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடவில்லை. அசைவுகளைக் கண்ணால் எண்ணக்கூடியவாறு மிக நீண்ட தந்திகளைக் கட்டி, அதிரவிட்டு எண்ணிப் பார்த்தார். 1636, 1637ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய பேரிசை நூலில் இவ்விதிகள் அடங்கியுள்ளன.

ஏன் இந்த எண்கள்?

இப்போது நாம் தொடங்கிய கணக்குக்கு வருவோம்.

1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்ணை முதன்மை எண் என்று பள்ளிக்கூடத்திற் படித்திருப்பீர்கள். 2, 3, 5, 7, 11 என்பன அப்படிப்பட்டவை. இன்னொரு வகை எண்ணும் உண்டு. 6 என்ற எண்ணை எடுங்கள். அது 1, 2, 3 ஆகியவற்றால் வகுபடும். அம்மூன்றையும் கூட்டினால் மீண்டும் 6 வரும். 28ஐ எடுத்தாலும் அப்படியே. 1, 2, 4, 7, 14 ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள், 28 கிடைக்கும். இவற்றை நிறைவெண்கள் என்பர். கடவுள் ஆறு நாட்களில் உலகைப் படைத்ததை விளக்கும்போது, 6 ஒரு நிறைவெண் என்பதைப் புனித அகுஸ்தீனார் தமது கடவுளின் நகரம் என்ற நூலில் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆகவே ஆதியாகமத்துக்கு உரையெழுதிய ஒரு குருவானவரின் கவனத்தை இவ்வெண்கள் ஈர்த்ததில் புதுமையில்லை.

நிறைவெண்ணைக் கண்டுபிடிக்கும் வழியைக் கிரேக்க அறிஞர் யூக்கிளிட் முன்னரே சொல்லியிருந்தார். 2ஐ இரட்டித்து வரும் எண்களில் ஒன்றைக் கழியுங்கள். வருவது முதன்மை எண்ணானால், அதைக் கொண்டு ஒரு நிறைவெண் அமைக்கலாம். 4இல் ஒன்று போக 3. அதை 2ஆற் பெருக்க 6. 8இல் ஒன்று போக 7. அதை 4ஆற் பெருக்க 28. 32இல் ஒன்று போக 31. அதை 16ஆற் பெருக்க 496. இப்படியே 127இலிருந்து 8128 வரும்.

ஆனால் ஒன்றைக் கழித்து வருவதெல்லாம் முதன்மை எண்ணாகிவிடாது. இரட்டிப்பின் வரிசை எண் முதன்மை எண்ணாயிருத்தல் அவசியம். அது மட்டும் போதாது. பதினோராவது இடத்தில் வரும் 2048இல் ஒன்றைக் கழித்தால் 2047. அது 23ஐ 89ஆற் பெருக்கி வரும் எண். அப்படியானால் எந்தெந்த இடத்தில் முதன்மை எண் கிடைக்கும்? இதுவே அடிகளாரை வாட்டிய கேள்வி.

இக்கேள்வியையும் அவர் வழக்கம்போலக் கடித உறையில் இட்டு அனுப்பினார். 1640இல் பெர்மா அவருக்கு ஓர் அரிய திறவுகோலை அனுப்பினார். 37ஆம் இடத்து எண்ணை வகுக்கக்கூடிய முதன்மை எண் எதுவானாலும், அது 74இன் ஒரு மடங்கைவிட ஒன்று கூடியதாகவே இருக்கும். எனவே எல்லா எண்களையும் சோதிக்க வேண்டியதில்லை. 74ஐ மூன்றாற் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 223. அந்த 223 என்ற எண் 137,438,953,471 என்ற 37ஆம் இடத்து எண்ணை மீதியின்றி வகுத்துவிடுகிறது. இன்னொரு தடவை 100,895,598,169 முதன்மை எண்தானா என்று அடிகளார் பெர்மாவிடம் கேட்டார். அல்ல, அது 898,423ஐ 112,303ஆற் பெருக்கி வரும் எண் என்று 1643இல் மறுமொழி வந்தது. கணனியுமில்லை, கணிப்பானுமில்லை, மையும் காகிதமும்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அடிகளாரின் பட்டியல்

1644இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில் மெர்சென் அடிகளார் தமது பட்டியலைத் தந்தார். 257ஆம் இடம்வரை பார்த்தால் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினோரு இடங்களில் மட்டுமே முதன்மை எண் வரும் என்றார். கடைசி எண்ணுக்கு 78 இலக்கங்கள். அவரோ அவருடைய நண்பர்களோ இவற்றையெல்லாம் வகுத்துப் பார்த்திருக்க முடியாதென்பது யாவருக்கும் விளங்கும். அவருக்கும் அது தெரிந்தே இருந்தது. பதினைந்து இருபது இலக்கங்கள் கொண்ட ஓர் எண் முதன்மை எண்தானா என்று தீர்மானிக்க எக்காலமும் போதாது என்ற கருத்தை அவரே அங்கு எழுதியிருக்கிறார். அப்படியிருந்தும் ஒரு பட்டியலைத் துணிந்து முன்வைத்தார்.

சவால் எறியப்பட்டுவிட்டது. அதை ஏற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். 31ஆம் இடத்து எண் முதன்மை எண்ணே என்று 1772இல் ஒய்லர் நிரூபித்தார். அப்போது அவர் பார்வையை ஏறத்தாழ முற்றாக இழந்திருந்தார். 127ஆம் இடத்து எண்ணும் சரியே என்று 1876இல் பிரான்சியரான லூக்காஸ் காட்டினார். அதே லூக்காஸ் 67ஆம் இடத்து எண் முதன்மை எண்ணன்று என்றும் கண்டறிந்தார். ஆனால் அது எவற்றால் வகுபடும் என்று அவராற் சொல்ல முடியவில்லை. பூட்டிய பெட்டியை ஆட்டிப் பார்த்து, உள்ளே இருப்பது ஒரு பொருளல்ல, பல என்று சத்தத்தால் அறிவதைப் போன்றது அது. பெட்டியைத் திறக்க ஒருவர் வரவேண்டியிருந்தது.

பேசாத பேச்சாளர்

1903ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் திகதி அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம் ஒன்று நடைபெற்றது. நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங் நெல்சன் கோல், பெரிய எண்களின் காரணிகளைப் பற்றிப் பேசுவதற்கு அழைக்கப்பட்டார். அன்று நடந்ததைக் கணித உலகம் ஒரு கதைபோலச் சொல்லிவருகிறது. கோல் எழுந்து கரும்பலகையருகே சென்றார். வெண்கட்டியை எடுத்து, 2ஐ அறுபத்தேழு தடவை பெருக்கி ஒன்றைக் கழித்து விடையை எழுதினார். பின்பு பலகையின் மறுபக்கத்துக்குப் போய் 193,707,721 என்ற எண்ணையும் 761,838,257,287 என்ற எண்ணையும் எழுதி, பள்ளிப் பிள்ளையைப் போல் வரிவரியாகப் பெருக்கினார். இரண்டு விடைகளும் ஒன்றாயிருந்தன. ஒரு வார்த்தையும் பேசாமல் தம் ஆசனத்திற் போய் அமர்ந்தார். சபையோர் கைதட்டினர். இதற்கு எவ்வளவு காலம் எடுத்தது என்று பின்னர் கேட்கப்பட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்று விடை கூறினாராம்.

பெர்மாவின் பழைய திறவுகோல் இங்கும் பொருந்துவதை நீங்களே சோதிக்கலாம். 193,707,721இல் ஒன்றைக் கழித்து 134ஆல் வகுத்தால் மீதியின்றி 1,445,580 வரும். அந்த விதி மட்டும் இருந்து, ஒவ்வொரு மடங்காகச் சோதித்துப் போயிருந்தால், பதினான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள் ஏறிய பின்பே கதவு திறந்திருக்கும். பெருக்கிக் காட்டச் சில நிமிடம், பிரித்தறிய ஆண்டுக்கணக்கு. பெருக்குவது சுலபம், பிரிப்பது கடினம் என்ற இந்த ஏற்றத்தாழ்வையே அடிப்படையாகக் கொண்டு 1977இல் ஓர் இரகசியக் குறிமுறை உருவாக்கப்பட்டது. கணனி வழியே போகும் பணச் செய்திகளைக் காப்பதற்கு அது உலகெங்கும் பயன்பட்டு வந்திருக்கிறது.

பட்டியலில் இன்னும் பிழைகள் இருந்தன. 257ஆம் இடத்து எண்ணும் முதன்மை எண்ணன்று. 61, 89, 107 ஆகிய மூன்று இடங்களை அடிகளார் விட்டுவிட்டார். அவற்றுள் 61ஆம் இடத்தை 1883இல் சரிபார்த்துச் சொன்னவர் இரசியாவின் நாட்டுப்புறத்துக் குருவானவரான பெர்வூஷின். குருவானவர் ஒருவரின் பிழையைக் குருவானவர் ஒருவரே திருத்தினார் என்பது எவ்வளவு பொருத்தம்! 89ஐயும் 107ஐயும் 1911இலும் 1914இலும் அமெரிக்கரான பவர்ஸ் கண்டார். முழுப் பட்டியலும் 1947ஆம் ஆண்டளவிலேதான் சரிபார்த்து முடிந்தது. மொத்தம் ஐந்து பிழைகள். அவற்றைத் தீர்க்க மூன்று நூற்றாண்டுகள்.

தேடல் அத்தோடு நிற்கவுமில்லை. 1996 முதல் பல நாட்டவர் தத்தம் கணனிகளை இணைத்து இவ்வெண்களைத் தேடி வருகின்றனர். 2024 அக்டோபரில் 136,279,841ஆம் இடத்தில் ஒன்று அகப்பட்டது. அதை எழுத நான்கு கோடியே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும். அதற்கும் மெர்சென் முதன்மை எண் என்றே பெயர். ஒற்றை எண்களுள் ஒரு நிறைவெண்ணேனும் உண்டா என்ற பழைய கேள்விக்கோ இன்னும் விடை இல்லை.

இறுதிக் கொடை

1644இலும் 1645இலும் இத்தாலியில் பயணம் செய்த அடிகளார், பாதரசக் குழாயைக் கொண்டு தொரிசெல்லி செய்த பரிசோதனையின் செய்தியைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். காற்றுக்குப் பாரம் உண்டு என்பதை மலையுச்சியிற் சோதித்துக் காட்டும் முயற்சி 1648 செப்டெம்பர் 19இல் பஸ்காலின் ஏற்பாட்டில் வெற்றிபெற்றது. அச்செய்தியைக் கேட்க அடிகளார் அப்போது இல்லை. அந்தக் கோடையில் நோயுற்ற அவருடைய மார்பில் கட்டி ஒன்று ஏற்பட்டது. சத்திரசிகிச்சை செய்தவர்கள் கட்டி இருந்த இடத்தைத் தவறவிட்டார்கள். 1648 செப்டெம்பர் 1ஆம் திகதி, அறுபது வயது நிறைய ஒரு வாரம் இருக்கையில், நண்பரும் குருவானவருமான கசெந்தியின் அரவணைப்பில் அவர் உயிர்நீத்தார். தமது நோயின் காரணத்தை அறியும்படி உடலைத் திறந்து பார்க்க வேண்டுமென்று முன்பே கேட்டிருந்தார். அவ்வாறே செய்யப்பட்டது. மருத்துவர் விட்ட பிழை அப்போதுதான் தெரியவந்தது. சாவிலும் அவர் ஒரு கேள்வியை விட்டுச் சென்றார். அதற்கான விடையைத் தம் உடலாலேயே கொடுத்தார்.

அவருடைய அறையிலே எழுபத்தெட்டுப் பேர் எழுதிய கடிதங்கள் இருந்தன. பிற்காலத்தில் அவருடைய கடிதப் போக்குவரத்து பதினேழு பெரிய தொகுதிகளாக அச்சேறியது.

வாசகர்களே, கணிதத்தில் பெர்மா அவரிலும் பெரியவர். தத்துவத்தில் டேக்கார்ட் பெரியவர். பௌதிகத்தில் கலிலேயோ பெரியவர். அடிகளார் இதை அறியாதவரல்லர். மிகச் சிறியோர் சபையில் மிகச் சிறியவராகவே அவர் நின்றார். ஆயினும் அவர் கேட்டிராவிட்டால் பெர்மா பல உண்மைகளை எழுதியே வைத்திருக்கமாட்டார். அவர் ஒரு பிழையான பட்டியலைத் துணிந்து வெளியிட்டிராவிட்டால், எத்தனையோ பேர் சரியானதைத் தேடப் புறப்பட்டிருக்கவும் மாட்டார்கள்.

பிழை விடுவோமென்று பயந்து வாய்திறவாத பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். கேள்வி கேட்டால் விசுவாசம் குறைந்துவிடும் என்று எண்ணும் பெரியவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கெல்லாம் இந்தத் துறவியின் கதையைச் சொல்லிக் கொடுங்கள். சொல்லி முடிந்ததும் அந்தக் கணக்குக் கொப்பியையும் பென்சிலையும் பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்து, 193,707,721ஐ 761,838,257,287ஆற் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் தடவை விடை பிழைத்தால் ஏசாதீர்கள். பக்கத்திலிருந்து இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்கள்.